ஒரு டிஷ், இரண்டு வயர்

எங்கள் வீட்டு டிவியில் இப்போது எல்லா சேனலும் வருகிறது. படம் கட்டம் கட்டமாக உடைவதில்லை. சிக்னல் இல்லை என்ற எழுத்து வருவதில்லை. இதற்காகத்தான் ஏழெட்டு மாதம் ஏணி போட்டு ஏறி இறங்கினேன். இப்போது படம் தெளிவாக வந்தால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற வழியில், அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். எனக்கும் என் அண்ணனுக்கும் ஒட்டி ஒட்டி இரண்டு வீடு, நடுவில் ஒரே சுவர். இரண்டு பேருக்கும் நிலம் கிடையாது. கரும்பு வெட்ட, மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போவோம். நான் ஐந்தாவது வரை படித்தவன். படிப்பைவிட எனக்குக் குறைவாக வந்தது பேச்சு. நாலு பேர் முன்னால் வாய் திறப்பதென்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மாசாமாசம் பணம் கட்ட வேண்டாத டிஷ் வந்தபோது அண்ணனும் நானும் சேர்ந்து ஒன்று வாங்கினோம். அவர் வீட்டு மாடியில் வைத்தோம். டிஷ்ஷிலிருந்து வருகிற ஒரே வயரை ஒரு சின்ன ஜாயிண்ட்டில் மாட்டி, அங்கிருந்து அவர் வீட்டுக்கு ஒன்று, என் வீட்டுக்கு ஒன்று என்று பிரித்தோம். மெக்கானிக் யாரும் வரவில்லை. அண்ணன் மாடியில் நின்று டிஷ்ஷைத் திருப்புவார், நான் டிவியைப் பார்த்துப் படம் வந்ததும் கத்த வேண்டும். எனக்குக் கத்த வரவில்லை. ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடிவந்து கையை ஆட்டினேன்.

"டேய், வாயத் தொறந்து சொல்லுடா. என் ரெண்டு கண்ணும் டிஷ்ஷு மேல இருக்குது. உன் கைய பாக்குறதுக்கு முதுகுல கண்ணு வெச்சிக்கினா நிக்கிறேன்?" என்றார் அண்ணன்.

கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணி சிரித்தார். "தாலி கட்டும்போதே குனிஞ்ச தல நிமிரல உங்க தம்பி. இப்பத்தான் கத்தப் போறாரா?"

கடைசியில் எங்கிருந்தோ தைரியம் வந்து, "வந்துச்சி!" என்று ஒரு கத்துக் கத்தினேன். அண்ணன் சிரித்த சிரிப்பில் டிஷ் அசைந்து, வந்த படம் போய்விட்டது. மறுபடியும் முதலிலிருந்து திருப்பினோம்.

அதற்குப் பிறகு சாயந்திரங்களில் எல்லோரும் அண்ணன் வீட்டில்தான் உட்கார்ந்து பார்ப்போம். என் வீட்டு டிவி சும்மா கிடக்கும்.

அண்ணன் மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்த அன்றோடு அது முடிந்தது. வந்தவர்களில் ஒரு பெரியவர் என்னைக் குழாயடிப் பக்கம் தனியாக அழைத்துப்போய், "பொண்ணு எப்படிங்க? நீங்க சித்தப்பாவாச்சே, உள்ளத சொல்லுங்க" என்று கேட்டார். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல என்னிடம் நூறு விஷயம் இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது பள்ளிக்கூடம் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை அது. ஒன்றையும் சொல்லாமல் தரையைப் பார்த்தேன். அவர் என்ன நினைத்தாரோ, இரண்டு நாளில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

குழாயடியில் நடந்தது அண்ணன் காதுக்குப் போயிற்று. தெருவில் நின்று கேட்டார். "உன் மடியில வளந்த பொண்ணுடா அவ. தங்கமான பொண்ணுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அவர் உள்ளே போய்விட்டார்.

பிறகு அந்தப் பிள்ளைக்குச் சின்னசேலம் பக்கம் நல்ல இடம் அமைந்தது. கல்யாணத்துக்குப் போய்க் கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அண்ணன் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. போய் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று மட்டும் தினமும் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டு டிவியில் படம் போக ஆரம்பித்தது அப்போதுதான். சாயந்திரம் ஏழு மணிக்குப் பழைய பாட்டுப் போடுவார்கள். ஒரு பாட்டு ஓடும், பாதியில் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்துத் தானாக வரும்.

"உங்க அண்ணன்தான் வேணும்னே பண்றாரு. மாடில ஏறி வயர புடுங்கிப் புடுங்கி வெக்கிறாரு" என்றாள் என் மனைவி.

நான் நம்பவில்லை. நம்பாமலும் இல்லை. அண்ணன் வேலைக்குப் போன நேரம் பார்த்து ஏணியை என் பக்கச் சுவரில் சாய்த்துத் திருடன் மாதிரி மாடி ஏறினேன். வயர் யார் கையும் படாமல் அப்படியே இருந்தது. டிஷ்ஷைத் துடைத்தேன். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற எல்.என்.பி.யின் மேல் குளவி கூடு கட்டியிருந்தது, சுரண்டி எடுத்தேன். வயர் நுனியில் செம்பு பச்சை பூத்திருந்தது. வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டினேன். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற செட்டாப் பெட்டியைக் கழற்றி மாட்டினேன். ஏழு மணிக்குப் பாட்டு போயிற்று. டீக்கடையில் ஒருவர், மலை மறைக்கிறது என்றார். அதையும் கொஞ்ச நாள் நம்பினேன்.

ஒரு மத்தியானம் சங்கராபுரத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். மலை மறைக்கிறதா என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "டிஷ்ஷு மலைய பாக்கவே இல்லீங்க. மலைக்கு முதுக காட்டிக்கினு இந்தாண்ட வானத்த பாத்துக்கினு கீது. பக்கத்து வூட்டுக்கும் இதுலேர்ந்துதான் போவுதா?"

தலையாட்டினேன்.

"அதாங்க விசயம். யாரு மேலயும் தப்பு இல்ல. உங்க வூட்டுப் பொட்டிதான் வயரு வழியா மேல கரண்ட் அனுப்புது. பாதி சேனலுக்குக் கம்மி கரண்ட் போதும், பாதிக்கு ஜாஸ்தி வேணும். ரெண்டு பொட்டி ஒரே வயருல கேட்டா ஜாஸ்தி கேக்குறதுதான் ஜெயிக்கும். அவரு நியூஸு வெச்சா உங்க பாட்டு போயிடும். நீங்க நியூஸு வெச்சா அவருக்கு இதே கததான்."

அண்ணன் வேலை முடிந்து வந்ததும் செய்திதான் பார்ப்பார். அது எனக்குத் தெரியும்.

"ரெண்டு வாய் இருக்கிற எல்.என்.பி. போட்டு தனித்தனி வயரு இழுத்தா முடிஞ்சிது. ஆனா டிஷ்ஷு அவங்க மாடில இருக்குது. ஒரு வார்த்த கேட்டுக்கினு வாங்க, இப்பவே மாட்டிடறேன்."

அப்புறம் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அன்றிலிருந்து படம் போனால் எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணன் வண்டி வாசலில் நிற்கும். பக்கெட்டில் தண்ணீர் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் என் பாட்டு அறுந்துபோகும். வந்துவிட்டார், உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். "படமே இல்லாத டிவிய பாத்துக்கினு குந்தினு இருக்கறீங்களே" என்று மனைவி திட்டுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பேசுவதற்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. 'அண்ணா, எல்.என்.பி. மாத்தணும்னு மெக்கானிக் சொன்னாரு.' கரும்பு வெட்டும்போது அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு தடவை அவர் வாசல்படி வரை போனேன். உள்ளே இருமல் சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு நாள் வழக்கம்போல ஏழு மணிக்குப் பாட்டு வைத்தேன். முதல் பாட்டு முழுசாக ஓடியது. இரண்டாவதும் ஓடியது. அடுப்படியிலிருந்து என் மனைவி, "இன்னிக்கி நல்ல நேரம்" என்றாள். மூன்றாவது பாட்டு எனக்கு ரொம்பப் பிடித்தது. அதுவும் கடைசி வரை வந்தது. சந்தோஷமாகக் கேட்டேன். அதை நான் மறைக்கக் கூடாது.

நாலாவது பாட்டின்போதுதான் உறைத்தது. அண்ணன் இன்னும் வரவில்லை. அவர் யாருடைய நிலத்துக்கோ தனியாகத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். டீக்கடையில் இருப்பார் என்று அண்ணி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். டீக்கடையில் உட்கார்ந்து செய்தியைத் தவறவிடுகிற ஆள் அவர் இல்லை. அந்த நேரத்தில் அது தோன்றியது என் ஒருவனுக்குத்தான். எழுந்து வாசல் வரை போனேன். 'அண்ணன் இன்னும் வரலியா அண்ணி?' நாலு வார்த்தை. இத்தனை நாள் பேசாதவன் இப்போது எதற்குக் கேட்கிறான் என்று நினைத்தால்? திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஐந்தாவது பாட்டு ஓடியது.

எட்டு மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டது. மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியில் நானும் ஏறினேன். கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் என் கையில் இருந்த அவர் கை தளர்ந்துவிட்டது. வழி முழுக்க நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் கேட்டிருப்பாரோ என்னவோ.

ஊரில் யாரோ சொன்னார்கள்: "அர மணி நேரம் முன்னாடி யாராவது போய்ப் பாத்திருந்தாகூட..."

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணி டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். என்னைப் பார்த்து, "அந்த மெக்கானிக் இங்கியும் வந்தாரு தம்பி. ரெண்டு வாய் வெச்சது ஒண்ணு போடணும்னு சொன்னாரு. 'இருக்கட்டும், அவன் வந்து வாயத் தொறந்து கேக்கட்டும், அன்னிக்கே மாத்திடலாம்'னு உங்க அண்ணன் சொல்லிக்கினே இருந்தாரு" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

போன வாரம் அந்த மெக்கானிக் ஊருக்குள் வேறு வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். "இப்ப ஒரு வூடுதானங்க பாக்குது? அந்த ஜாயிண்ட்ட கழட்டிட்டு நேரா குடுத்துட்டா இன்னும் பளிச்சுன்னு இருக்கும்."

"வேணாம்!" என்றேன். என் மனைவி பயந்துபோய் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவ்வளவு சத்தமாக வந்துவிட்டது.

மழைக்காலம் வருகிறது. அந்த ஜாயிண்ட்டில் தண்ணீர் ஏறாமல் டேப் சுற்ற வேண்டியிருந்தது. இந்தத் தடவை என் பக்கச் சுவரில் ஏணியைச் சாய்க்கவில்லை. அண்ணன் வாசலில் போய் நின்று கேட்டேன்.

"அண்ணி, மாடி ஏறி அந்த வயர கொஞ்சம் பாத்துட்டு வரட்டுமா?"

"ஏறிக்க தம்பி. இத கேக்கணுமா?" என்றார் அண்ணி.