முருங்கைக்கு வைத்த கஞ்சி

1989ஆம் ஆண்டு தை மாதம். மேற்கு ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹேக்குக் கிட்ட ஒரு சின்ன நகரத்தில் அகதிகள் தங்கும் ஹைமில் இருந்தேன். எனக்கு இருபத்துநாலு வயது. அகதியாக ஏற்கச் சொல்லி அந்த்ராக் என்ற விண்ணப்பம் போட்டவன் வேலைக்குப் போகக் கூடாது என்பது சட்டம். ஆனால் சும்மா இருக்கவும் விடமாட்டார்கள். நகரசபை ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் எதையாவது கூட்டவும் துடைக்கவும் அனுப்பும். சிலருக்கு வீதி, சிலருக்குச் சவக்காலை. எனக்கும் என் அறையில் இருந்த ஓர் அண்ணைக்கும் அடித்தது யோகம்; நகரசபையின் கண்ணாடித் தோட்டம் கிடைத்தது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே வாழை நிற்கும், செவ்வரத்தை பூக்கும். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வியர்க்க வியர்க்கத் தண்ணீர் ஊற்றுவோம்.

அங்கே நிரந்தர வேலையில் ஒரு பெண் இருந்தார். பாலித் தீவுக்காரர், ஜெர்மன்காரரைக் கட்டி வந்தவர், நாற்பதை நெருங்கிய வயது. நாங்கள் பாலி அக்கா என்றோம். அவருடைய ஜெர்மனும் எங்களுடைய ஜெர்மனும் ஒரே மாதிரி நொண்டும். அதனால் மரங்களைக் காட்டிப் பெயர் சொல்வதே எங்கள் பேச்சாகிவிட்டது. வாழைக்கு அவர் பியூ என்பார். மாவுக்குப் போ. தென்னைக்கு ஞூ. ஞகரத்தில் தொடங்கும் சொல்லைத் தேடிச் சின்ன வகுப்பில் நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் ஊரில் தேங்காயே ஞகரத்தில் காய்க்கிறது. நான் குரும்பை என்றால் அவர் புங்சில் என்பார், இளநீர் என்றால் குவுட். குருத்தோலைக்கும் அவரிடம் தனிச்சொல் இருந்தது, புசுங். எங்கள் மேற்பார்வையாளரான மைஸ்டருக்கு எல்லாமே ஒரே கோகோஸ்நுஸ்தான்.

அண்ணை ஊரிலிருந்து வரும்போது கோட்டுப் பையில் பத்துப் பன்னிரண்டு முருங்கை விதை கொண்டு வந்திருந்தார். அதில் நாலைந்தைக் கெஞ்சி வாங்கி, தயிர்க் கோப்பையில் ஊன்றி, கண்ணாடித் தோட்டத்தில் சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்று முளைத்தது. முதல் இலை விரிந்த அன்றே பாலி அக்கா கண்டுபிடித்துவிட்டார். "கெலோர்" என்று சொல்லி, கரண்டியால் குடிப்பதுபோலக் காட்டினார். அவர்களும் அந்த இலையைக் கறி வைப்பார்களாம். அன்றிலிருந்து அது எங்கள் இருவருடைய பிள்ளை மாதிரி. என் நெஞ்சளவுக்கு வளர்ந்தது. மார்கழியில் வெயில் இல்லாமல் இலை மஞ்சளித்துக் கொட்டத் தொடங்கியது. நான் கவலைப்பட்டதை அவர் பார்த்தார்.

புது வருடம் பிறந்த கையோடு, என் அந்த்ராக் நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. ஒரு மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று இருந்தது. இரண்டு இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை, தண்ணீர் ஊற்றும் முறை எனக்கும் அண்ணைக்கும்.

போய்ப் பார்த்தால், என் முருங்கையின் அடியில் வாழையிலைத் துண்டில் வெள்ளைக் கஞ்சி. அதன்மேல் சிவப்புச் செவ்வரத்தைப் பூ. பக்கத்தில் ஊதுபத்திச் சாம்பல். தண்டில் கத்தியால் கீறி, அந்தக் கீறலிலும் கஞ்சி பூசி, மஞ்சள் துணிக் கீலம் ஒன்று கட்டியிருந்தது.

அண்ணை இரண்டடி பின்னால் போனார். "தொடாதை. உது பாலிக்காரியின்ர செய்வினை. கஞ்சி, சிவத்தப் பூ, கத்திவெட்டு, கட்டு. இதுக்கு மேல என்ன வேணும்? உன்ர காயிதம் சும்மாவே திரும்பினது?"

"அவ ஏன் அண்ணை எனக்குச் செய்யப் போறா?"

"அதை அவவிட்டக் கேள். வெளியில சிரிக்கிறவை எல்லாம் உள்ளுக்குச் சிரிக்கிறவையோ?"

நான் பாலி அக்காவைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், அவருடைய வீடு பத்து நிமிட நடை. யார்மேல் கோபப்படுவதென்று தெரியாமல் இரண்டு நாளாகப் பொருமிக்கொண்டிருந்தவனுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு முருங்கையை வேரோடு பிடுங்கி, கஞ்சி, பூ, துணி எல்லாவற்றோடும் குப்பைத் தொட்டியில் போட்டேன். இரண்டு வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கை அது.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். திங்கட்கிழமை மைஸ்டரிடம் போனேன். செய்வினை என்று சொன்னால் அவர் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் கண்ணாடித் தோட்டத்துக்குள் சாப்பாடு வைக்கிறார், எலி வரும், நெருப்புக் கொளுத்துகிறார் என்று சொன்னேன். எந்தச் சொல்லுக்கு ஜெர்மன்காரன் எழும்புவான் என்று பார்த்து எடுத்து வைத்தேன். இன்று வரைக்கும் என்னைக் குத்துவது பயந்தது அல்ல, இதுதான். பயத்தில் யாரும் முட்டாள் ஆகலாம். நான் கெட்டித்தனமாக இருந்தேன்.

அன்று மத்தியானமே பாலி அக்காவை வெளிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே சூடு கிடையாது. பனிக்காலம் முழுக்க மண்சாடிகளைக் குளிர் தண்ணீரில் கழுவும் வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் அரைக்கைச் சட்டையோடு நின்றேன், அந்தப் பக்கம் அவர் கையை ஊதி ஊதிக் கழுவினார். எனக்கு அப்போது பெரிய வருத்தமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தக் கிழமையே பொங்கல். ஹைமில் மின்சார அடுப்பில் பொங்கலாம், படைக்க வாழையிலை வேண்டும் என்று முடிவானது. மைஸ்டரிடம் கேட்டேன். இலை வெட்டப் பாலி அக்காவுக்குத்தான் பழக்கம், அவரைக் கூப்பிடு என்றார். வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன். அவர் வந்தார். விரல்கள் வெடித்துச் சிவந்திருந்தன. கிழியாத ஓர் இலையாகப் பார்த்து நறுக்கி, துணியால் துடைத்து, எதற்கு என்று கேட்டார்.

புது அரிசி பொங்கி, இலையில் வைத்து, சூரியனுக்குப் படைப்போம், பிறகு மாட்டுக்கும் ஒரு நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவருடைய முகம் மலர்ந்தது. அவர் உடைந்த ஜெர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"எங்களுக்கு மரத்துக்கு ஒரு நாள் இருக்கு. போன சனிக்கிழமை. எல்லா மரத்துக்கும் கஞ்சி வைச்சு, தண்டைக் கீறி அதிலயும் பூசி, துணி கட்டுவம். மரத்தை மூண்டு தரம் தட்டி, தாத்தா, இன்னும் இருபத்தைஞ்சு நாளில பெருநாள் வருது, நல்லாக் காய் எண்டு சொல்லுவம். இஞ்ச எனக்கெண்டு ஒரு மரமும் இல்லை. உன்ர கெலோர் வாடினதெல்லோ, அதுக்கு வைச்சன்."

நான் இலையைப் பிடித்தபடி நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"யாரோ மைஸ்டரிட்டச் சொல்லிப் போட்டினம். அவர் உன்ர மரத்தையும் எறிஞ்சிட்டார் போல. என்னாலதான் உனக்கு அது இல்லாமப் போச்சு. குறை நினைக்காதை."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வாய் வந்தது. "பரவாயில்லை அக்கா" என்றேன்.

பொங்கல் பொங்கியது. பனிக்குள் ஜன்னலோரம் இலை விரித்து, இல்லாத சூரியனுக்குப் படைத்தோம். அண்ணை சந்தனம் எடுத்து இலையின் நுனியில் வைத்தார். சோறு, பூ, ஊதுபத்தி, பொட்டு. ஹைமின் ஜெர்மன் காவலாளி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் போய் எலி என்று புகார் சொல்லவில்லை. நான் என் பங்கை அண்ணையின் தட்டில் போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துவிட்டேன்.

பங்குனியில் பாலி அக்கா ஒரு கடித உறையைக் கொண்டு வந்து தந்தார். ஊருக்கு எழுதிக் கேட்டு எடுப்பித்த முருங்கை விதைகள். சிறகு வைத்த ஏழு விதை. உறையின் மேல் அவருடைய எழுத்தில் கெலோர் என்றும், கீழே நான் எப்போதோ எழுதிக் காட்டியதைப் பார்த்துக் கோணல்மாணலாகத் தமிழில் முருங்கை என்றும் இருந்தது. அப்போதும் சொல்லவில்லை. வழக்கறிஞர் ஒருவர் என் வழக்கை எடுத்தார், வைகாசியில் என்னை வேறு நகரத்துக்கு மாற்றினார்கள். போகும் அன்று அவர் கொட்டகையில்தான் இருந்தார். கை நனைந்திருந்ததால் முழங்கையைத் தூக்கிக் காட்டி வழியனுப்பினார்.

பிறகு இங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது, குடும்பமும் ஆனது. அந்த விதைகளை நான் உடனே நடவில்லை. எந்த முகத்தோடு நடுவது? நாலு வருடம் கழித்து மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு ஏழு விதையையும் ஊறப்போட்டேன். ஒன்றும் முளைக்கவில்லை.

உறை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவருடைய மொழியில் வாழைக்கும் மாவுக்கும் தென்னைக்கும் குரும்பைக்கும் எனக்குப் பெயர் தெரியும். மன்னிப்புக்கு என்ன சொல் என்று மட்டும் நான் அவரிடம் கேட்டு வைத்திருக்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.