சித்தப்பா வாய் திறக்காத நாள்

எப்போதும் காரில் வரும் சித்தப்பா அன்றைக்குப் பாலக்காட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபதுகளின் நடுவில், கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு தோல்பையோடு நின்ற அவரைப் பார்த்ததுமே அம்மாவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. எர்ணாகுளத்தில் பெரிய கம்பெனிகளுக்கு வக்கீலாக இருந்தவர் அதை விட்டுவிட்டு, ஜனங்களிடம் பணம் வாங்கும் நிதிக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசாங்க அதிகாரியாகச் சேர்ந்திருந்தார். நேற்றுவரை யாருக்காக வாதாடினாரோ அவர்களையே பிடிக்கிற வேலை. "ஏனுங்க, கொட்டுற வருமானத்த உட்டுப்போட்டு ஆராச்சும் சம்பளத்துக்குப் போவாங்களா? இதுல ஏதோ இருக்குதுங்க" என்று அம்மா அப்பாவின் காதைக் கடித்தாள்.

என் கவலை வேறு. பள்ளிப் படிப்பு முடிந்திருந்தது. பாலக்காட்டில் ஹாஸ்டலில் சேர்த்து என்னைக் கல்லூரியில் படிக்கவைக்க அப்பா சேர்த்ததெல்லாம் எங்கள் கடைவீதியில் இருந்த ஒரு நிதிக் கம்பெனியில் கிடந்தது. அது ஆட்டம் காண்கிறது என்று சந்தையில் பேச்சு அடிபட்டது. சாப்பிடும்போது அப்பா நேராகவே கேட்டார்: "ஏண்டா, அதுல போட்டது பத்திரந்தான?" சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "கடலை இந்த வருசம் எப்படிங்ண்ணா?" என்றார். முன்பெல்லாம் கம்பெனிக் கதை ஆரம்பித்தால் கை காயும்வரை நிறுத்தமாட்டார்.

அவர் போனதும், "நாளைக்கே போயி எடுத்துப்போடுங்க" என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை. "எந்தம்பி அவன். ஆபத்துன்னா எங்கிட்டச் சொல்லாம இருப்பானா?" என்றார். ஊரும் அப்பாவையே கவனித்துக்கொண்டிருந்தது. அதிகாரியின் அண்ணனே எடுக்கவில்லை, நமக்கென்ன என்று மற்றவர்களும் சும்மா இருந்துவிட்டார்கள். அந்த மாதமே கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். உத்தரவு போட்டது சித்தப்பா. பணம் போனதோடு விட்டதா? அப்பா முன்கூட்டியே ரகசியமாக எடுத்துவிட்டார் என்று ஊர் பேசியது. நான் கல்லூரிக்குப் போகாமல் வீட்டில் கிடந்ததைக்கூட நடிப்பு என்றார்கள். என்ன ஜனங்களோ!

இரண்டு வருடம் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. பிறகு ஒருநாள் வந்து, உள்ளே வராமலே சித்தப்பா சொன்னார்: "உங்களுக்குச் சொல்லியிருந்தா, நீங்க மட்டும் எடுத்துட்டுச் சும்மா இருப்பீங்களாண்ணா? ஊரையே கூட்டிட்டுப் போயிருப்பீங்க. முன்னால போனவங்க வாரிட்டு வந்திருப்பாங்க. பின்னால வந்தவங்களுக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது." அப்பா, "ஆமாண்டா, சொல்லித்தான் இருப்பேன்" என்றார். குரல் இளகிவிட்டது. இலை போடச் சொன்னார்.

எனக்கு இளகவில்லை. வக்கீல் வேலையை விட்டாலும் வக்கீல் வாய் விடுமா என்றுதான் இந்த வயதிலும் தோன்றுகிறது. இவ்வளவு அழகான காரணம் அவருக்கு எப்போது கிடைத்தது, சீல் வைப்பதற்கு முன்னாலா, எங்களைப் பார்க்க வரும் வழியிலா? நேர்மையான அதிகாரி என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள். இருக்கலாம். அன்றைக்கு அவருக்குப் பரிமாறியது நான்தான். குழம்பு ஊற்றக் குனிந்தேன். சித்தப்பா நிமிர்ந்து பார்த்து, வெகு பிரியமாக, "காலேஜெல்லாம் எப்படிப் போகுது கண்ணு?" என்று கேட்டார்.