மாப்பிள்ளையின் சம்பளமும் சேலம் வரி ஆபீசும்

போன வெள்ளிக்கிழமை பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையின் மேல் 'அந்தரங்கம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு. யுத்தகாலம் அல்லவா? சென்ஸார்காரர் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, அழகாக ஒட்டி அனுப்பியிருந்தார்.

கடைசி வரி: 'படித்ததும் கிழித்துவிடவும்.'

நான் பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழிக்காதவன். வாரந்தோறும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். எழுதியவருக்கும் தெரியும்... அவர் என் தங்கை மரகதத்தின் கணவர்.

(பெயர்களையும் துறைமுகத்தையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் தெருவில் இந்தப் பத்திரிகை வாங்குகிறவன் நான் ஒருவன்தான். பத்திரிகை கப்பலேறி அந்தப் பக்கம் போவதாகவும் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.)

விஷயம் இதுதான். மாப்பிள்ளைக்கு நாமக்கல்லில் அப்பா வழியில் வந்த வீடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கடலைக்காய் மண்டிக்காரர் குடியிருக்கிறார். வாடகை மாதம் இருபத்தைந்து ரூபாய். அதை வாங்கி, ரசீது கொடுத்து, தபாலாபீஸ் கணக்கில் போட்டு வைப்பது என் வேலை. எட்டு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

சித்திரை மாதம் வருமான வரி ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. என் பெயருக்கு! சொந்தமாக எனக்கு ஒரு செங்கல்கூட இல்லாத வீட்டுக்கு நான் எதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்? விசாரித்தேன். வீட்டுக்காரர் கடல் கடந்து இருந்தால், இங்கே அவருக்காக வாடகை வாங்குகிறவனைச் சர்க்கார் பிடித்துக்கொள்ளலாமாம். அதாவது, சட்டத்தின் கண்ணுக்கு நான்தான் என் மாப்பிள்ளை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அவர் பினாங்கில் வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. ஆனால் இங்கே வரும் வாடகைக்கு என்ன விகிதத்தில் வரி என்று தீர்மானிக்க, அந்தச் சம்பளத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து வரம்புக்குள் அடங்கினால் ஒன்றும் இல்லை. தாண்டினால், வாடகைக்கு வரி.

என் அம்மாவுக்கு இதை விளக்கிச் சொன்னேன். "கம்மியாச் சம்பாதிக்கிறவங்களுக்கு வரி இல்லீங்கம்மா" என்றேன். அம்மா அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

"ஏஞ்சாமி, அப்ப நம்ம மாப்பிள்ளைக்கும் வரிக் காயிதம் வந்துருச்சா?"

"வந்திருக்குதுங்கம்மா."

"கொஞ்சம் சத்தமாப் படி. பழனியம்மா ஊட்டுக் கதவு தொறந்துதான் கெடக்குது."

பழனியம்மாள் எதிர்வீட்டு அம்மாள். அவருடைய மாப்பிள்ளை திருச்செங்கோட்டில் ஜவுளி வியாபாரி. வருமான வரி கட்டுகிறவர். போன வருஷம் கட்டிய சலானைத் தெருவில் பழனியம்மாள் காட்டாத ஆள் இல்லை. கல்யாணப் பத்திரிகையைக்கூட அவ்வளவு பேருக்குக் கொடுத்திருக்க மாட்டார்.

நோட்டீசுடன் வந்த பாரத்தில் நான் மாப்பிள்ளையின் சம்பளத்தை எழுத வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது? பெண் கொடுத்த வீட்டார் மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதி, 'தங்களுக்குச் சம்பளம் என்ன?' என்று கேட்பதா? நம் பக்கத்தில் அப்படியொரு கடிதத்தை எழுதியவன் உண்டா? ஜாதகம் கேட்கலாம், நட்சத்திரம் கேட்கலாம். சம்பளம் என்பது நிச்சயதார்த்தத்தன்று ஒரே ஒரு தடவை சபையில் சொல்வது, அதோடு சரி.

ஆகவே எட்டு வருஷத்துக்கு முந்தைய டைரியை எடுத்தேன். நிச்சயதார்த்தத் தேதியில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'மாப்பிள்ளை சம்பளம் மாதம் 150 டாலர் — சொன்னவர், மாப்பிள்ளையின் சித்தப்பா.' அதையே பாரத்தில் எழுதினேன். ரிப்பேருக்கென்று வாடகையில் ஆறில் ஒரு பங்கைக் கழித்தேன். கையெழுத்துப் போட்டேன். ஒழுங்கானவன் அல்லவா? ஒரு நகலைப் பினாங்குக்கும் அனுப்பி வைத்தேன்.

அதற்கு வந்த பதில்தான் அந்த அந்தரங்கக் கடிதம்.

'மச்சான் அவர்களுக்கு. என் சம்பளம் மாதம் அறுபத்தைந்து டாலர். நூற்றைம்பது என்று சொன்னவர் சித்தப்பா. சபையில் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. கம்பெனி துரை கையெழுத்திட்ட சம்பளச் சான்று இத்துடன் இருக்கிறது. அதைக் காட்டினால் வரி இல்லை. ஆனால் வரி ஏன் இல்லை என்று அத்தை கேட்பார்களே? அதைவிட, நூற்றைம்பதுக்கே வருஷா வருஷம் வரியைக் கட்டி, வாடகையில் பிடித்துக்கொள்ளுங்கள். தை மாதம் ஊருக்கு வரலாம் என்றிருக்கிறோம். அத்தை முகத்தில் நான் விழிக்க வேண்டும்.'

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரி, வருஷத்துக்கு ஆறு ரூபாய்ச் சில்லறை. ஒரு மனிதனின் மானத்துக்கு ஆறு ரூபாய் மலிவுதான்!

ஆனால் பாரத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து. தெரியாமல் எழுதியது தவறு. தெரிந்த பிறகும் விட்டுவைத்தால்...? அதற்கு வேறு பெயர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பக்கம் என் கையெழுத்து; இன்னொரு பக்கம் தை மாதம் வாசலில் வந்து நிற்கப்போகிற மாப்பிள்ளையின் முகம்.

செவ்வாய்க்கிழமை சேலத்தில் விசாரணை. காலை முதல் பஸ்ஸில் போனேன். சான்று சட்டைப்பையில் இருந்தது. ஆபீசர் கூப்பிடும் வரை அதை எடுப்பதாகவும் இல்லை, எடுக்காமல் இருப்பதாகவும் இல்லை. உள்ளே போனதும் கை தானாக எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டது.

ஆபீசருக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முதல்லே நூத்தைம்பதுன்னு எழுதியிருக்கீங்க. இப்போ அறுபத்தஞ்சு. நடுவிலே சம்பளத்தைக் குறைச்சுட்டாங்களா?"

"இல்லீங்க. முதலில் எழுதியது நிச்சயதார்த்தச் சம்பளம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"சார், இந்த அறைக்கு வர்றவங்க எல்லாரும் வருமானத்தைக் குறைச்சு எழுதிட்டு வருவாங்க. கூட்டி எழுதிட்டு வந்த முதல் ஆள் நீங்கதான். இந்த ஜில்லாவிலே நிச்சயதார்த்தத்திலே சொன்ன சம்பளத்துக்கெல்லாம் வரி போட்டா, யுத்தச் செலவை நான் ஒருத்தனே பார்த்துக்குவேன்!"

பிறகு குரலைத் தாழ்த்தி, "என் மாமனார் ஊரிலே நான் டெபுடி கலெக்டர், தெரியுமா?" என்றார்.

'வரி இல்லை' என்று உத்தரவு எழுதினார். தபாலில் அனுப்ப வேண்டாம், கையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மாமனார் ஊர் டெபுடி கலெக்டருக்கு அது புரியாதா?

வீடு திரும்பும்போது வாசலில் அம்மாவும் பழனியம்மாளும் முறத்தை நடுவில் வைத்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"போன காரியம் என்னாச்சு சாமி? மாப்பிள்ளைக்கு எவ்வளவு போட்டாங்க?" என்றார் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் பழனியம்மாள், "எங்க மாப்பிள்ளைக்குப் போன வருசம் நாப்பத்தி ரெண்டு ரூவாய்ங்க. என்ன பண்றது? வருமானம் அப்படி வருது, பாவம்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது உண்மையைச் சொல்வதற்கு மூன்று விதமாக வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். மூன்றும் பறந்துவிட்டன.

"ஆறு ரூபாய்ங்கம்மா" என்றேன்.

"ஆறுதானுங்களா?" என்றார் பழனியம்மாள்.

அம்மா மிளகாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது ஊட்டு வாடகைக்கு மட்டுமுங்க. பினாங்குச் சம்பளம் தனி. அதுல இந்த ஊர்க்காரங்க கை வைக்க முடியாதுங்களாமா."

பழனியம்மாள் சீக்கிரமே எழுந்து போய்விட்டார். நான் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினேன். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"அறுவத்தஞ்சு டாலருக்கு எதுக்குடா வரி?"

தண்ணீர் புரைக்கேறியது. "உங்களுக்கு எப்படிங்கம்மா...?"

"மரகதம் தலைப்பிரசவத்துக்கு வந்தப்பவே சொல்லிப்போட்டா. இருந்தா என்ன? எம் பொண்ணு கண்ணுல தண்ணி வராம வெச்சிருக்கறாரு. அவரு அறுவத்தஞ்சு கொண்டாராரு, மீதி எம்பத்தஞ்சை நாஞ் சேத்தித் தெருவுல சொல்லீட்டு இருக்கறேன். அதுக்கென்ன காசா, பணமா?"

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே? பயந்து போயிருக்காருங்க."

"சொல்லிப்போடாதே சாமி! எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுசன் இந்த வாசப்படி ஏறமாட்டாரு. தைக்கு வரட்டும். வந்து நல்லாச் சாப்பிட்டுப் போகட்டும்."

அன்று மாலையே பினாங்குக்கு எழுதிப் போட்டேன். 'வரி இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.'

இரண்டே வாக்கியம்... அதில் ஒன்றுக்குத்தான் என்னிடம் அத்தாட்சி இருக்கிறது!