ஆர்லிஸின் விலாசம்

எங்கள் கூட்டத்தில் யாரையாவது "எந்த ஊரு?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "வண்டி எங்க நிக்குதோ அதான் ஊரு." சொன்னவரும் சிரிப்பார், கேட்டவரும் சிரிப்பார். வருடம் முழுக்க வண்டிவீட்டிலேயே வாழ்கிறவர்கள் நாங்கள். குளிருக்கு அரிசோனா பாலைவனம், வெயிலுக்கு வடக்கே மலைப்பக்கம். இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே சலித்துவிட்டது. ஆனாலும் சொல்வோம். ஆர்லிஸ் வோக்ட் மட்டும் இப்போது சொல்வதில்லை.

ஆர்லிஸ் அயோவாக்காரி. அங்கே ஒரு பலசரக்குக் கடையில் இறைச்சி வெட்டி நிறுத்துக் கொடுக்கும் வேலை. எடை போடுகிற கை என்பதாலோ என்னவோ, பேச்சிலும் கூடக் குறைய வராது. புருஷன் டுவேனுக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய்க்கொண்டே வந்தது. முழுசாகப் போவதற்குள் நாட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த மனுஷன் ஆசைப்பட்டான். வீட்டை விற்று வண்டிவீடு வாங்கினார்கள். பஸ் நீளம் இருக்கும். அவள்தான் ஓட்ட வேண்டும். முதல் மாதம் பின்னால் எடுக்கும்போது யார் யாருடைய வேலியையோ சாய்த்தாள். எதற்கும் அழவில்லை. இறங்கிப் போய், "நான்தான் இடிச்சேன், எவ்வளவு?" என்று கேட்டாள்.

அரசாங்கத்திடம் எங்கள் சிரிப்புப் பதில் செல்லாது. லைசன்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டு எல்லாவற்றுக்கும் ஒரு விலாசம் வேண்டும். அதனால் காகிதத்தில் எங்களில் பாதிப்பேர் தெற்கு டகோட்டா மாநிலத்துக்காரர்கள். டெல்வின் என்ற சின்ன ஊரில் ஒரு தபால் கம்பெனி இருக்கிறது. அதன் கட்டிடம்தான் எங்கள் வீடு, அதில் ஒரு பெட்டிதான் எங்கள் அறை. ஒரு தடவை நேரில் போய், ஊர்க் கோடியிலிருக்கும் முகாமில் ஒரு ராத்திரி தங்கி, அந்த ரசீதைக் காட்டினால் லைசன்ஸ் கையில். அதோடு அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். கடிதங்களைக் கம்பெனி சேர்த்துக் கட்டி, நாங்கள் சொல்லுகிற தபாலாபீசுக்கு அனுப்பும். மாதம் ஒரு முறை, மறந்துபோனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

அந்த ஜனவரியில் வந்த தபால் கட்டுக்குள்தான் ஆர்லிஸுக்குக் கோர்ட் சம்மன் இருந்தது. டெல்வின் மாவட்ட கோர்ட்டில் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் ஊர்க்காரர்களில் ஒருத்தியாக, உட்கார வர வேண்டும். கட்டு வந்து சேர்ந்தபோது கெடுவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. தவணை கேட்கவும் வழியில்லை. போன வருடம் டுவேனுடைய கண் ஆபரேஷனைச் சொல்லி ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று.

அவள் கோர்ட்டுக்குப் போன் பண்ணியபோது நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்; அந்தப் பக்கம் குமாஸ்தா பெண் தன்மையாகத்தான் பேசினாள்.

"உங்கள மாதிரி நிறைய பேரு கூப்புடுறாங்கம்மா. இந்த மாவட்டத்துல குடியில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. விட்டுருவோம்."

"எழுதிக் குடுத்தா என் லைசன்ஸு?"

"குடியில்லன்னா அதெல்லாம் இந்த ஊரு விலாசத்துல எப்படிம்மா செல்லும்?"

ஆர்லிஸ் யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்தாள். அவள் லைசன்ஸ் போனால் அந்த வண்டிவீடு நகராது. டுவேனால் ஓட்ட முடியாது. வேறு மாநிலத்தில் லைசன்ஸ் கேட்டால் வாடகைச் சீட்டு எங்கே, கரண்ட் பில் எங்கே என்பார்கள். மே மாதம் பிறந்துவிட்டால் அந்தப் பாலைவனத்தில் நாய்கூட நிற்காது. தகரப் பெட்டிக்குள் சர்க்கரை நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

சாயங்காலம் நெருப்பு மூட்டி உட்கார்ந்தபோது விஷயம் முகாம் முழுக்கத் தெரிந்திருந்தது. டெல்பர்ட் வந்தான். எங்களுக்குள் சட்டம் பேசுகிறவன் அவன். அவனை யாரும் அந்த வேலைக்கு நியமிக்கவில்லை.

"ஆர்லிஸ், முதுகு புடிச்சிருச்சுன்னு டாக்டர் சீட்டு வாங்கி அனுப்பு. கத முடிஞ்சுது."

"எனக்கு முதுகு நல்லாத்தான இருக்கு."

"அது கோர்ட்டுக்குத் தெரியுமா? இங்க பாரு, நீ அங்க போயி நின்னேன்னா எங்க குடியிருக்கேன்னு கேப்பாங்க. நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்ட, உள்ளத சொல்லுவ. ஜட்ஜு அது வீடே இல்லன்னு சொல்லிட்டா உனக்கு மட்டுமா ஆப்பு? இங்க இருக்கற அத்தன பேருக்கும் அதே கதவு நம்பர்தான்."

"அப்ப ஓட்டு போட மட்டும் அது நம்ம ஊரு, கூப்புட்டா இல்லயா?"

"ஓட்டு போடறது வேற."

"என்ன வேற?"

டெல்பர்ட் ஒரு கட்டையை எடுத்து நெருப்பில் தள்ளினான். மற்றவர்களும், "சீட்டு வாங்கிரு ஆர்லிஸ்" என்று ஆரம்பித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவள் போகக் கூடாது என்றுதான் இருந்தது. என் லைசன்ஸிலும் அதே விலாசம்தான். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒருத்தியை நெருக்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் அவகூடப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். ஒஹாயோவில் இருபது வருடம் பனியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் நான்; அங்கே நீவா என்ற என் பெயர் தெரியாத பிள்ளை கிடையாது.

கிளம்பும்போது டுவேன் வண்டியின் படியில் நின்று குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "நீவா, அவள ஓட்ட விடாத. ஐஸ்ல பிரேக்க மிதிச்சுருவா."

"நீ ஒழுங்கா ஊசி போட்டுக்க" என்றாள் ஆர்லிஸ். டெல்பர்ட்டின் மனைவி டுவேனைப் பார்த்துக்கொள்வதாக ஏற்றிருந்தாள். புருஷன் முறைத்தும் ஏற்றிருந்தாள்.

என்னுடைய பிக்கப்பில் போனோம். நியூ மெக்சிகோவில் மழை, கொலராடோவில் பனி. வயோமிங்கில் காற்று லாரிகளையே படுக்கப் போட்டிருந்தது. சாலையை மூடிவிட்டார்கள். ஒரு பெட்ரோல் பங்கில் வறண்ட ஹாம்பர்கரைத் தின்றபடி சாலை திறக்கக் காத்திருந்தோம். போய்ச் சேராவிட்டால் கோர்ட் அவமதிப்பு. போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. ஆர்லிஸ் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன சொல்லப் போற அங்க?" என்று கேட்டேன்.

"தெரியல. கேக்கறதுக்கு பதில் சொல்லணும், அவ்ளோதான்."

"கொஞ்சம் அளந்து சொல்லு."

"என்னிக்காவது அளக்காம குடுத்துருக்கேனா?"

சாலை திறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு பாலத்தின் மேல் வண்டி தானாகவே பக்கவாட்டில் போனது. அவள் என் கையைத் தொடவில்லை, கத்தவும் இல்லை. பாலம் தாண்டியதும் ஓரம் கட்டினேன்.

கோர்ட் பழைய கல் கட்டிடம். உள்ளே ஈரக் கம்பளி வாசனை. ஜூரிக்குக் கூப்பிடப்பட்டவர்கள் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் பண்ணைக்காரர்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். வைக்கோல் திருட்டு வழக்கு. பக்கத்துப் பண்ணையிலிருந்து வைக்கோல் கட்டுகளை ராத்திரியில் ஏற்றிப் போனதாக ஒருவன் மேல் குற்றம். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஆர்லிஸ் பெயரைக் கூப்பிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல் எழுந்தார். இளவட்டம், பளபளவென்று பூட்ஸ்.

"திருமதி வோக்ட், உங்க விலாசத்துல இன்னும் எத்தன பேரு இருக்காங்க?"

"ஆயிரக்கணக்குல இருப்பாங்க."

சிரிப்பு கிளம்பியது. நீதிபதி, நரைத்த தலைப் பெண்மணி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்ததும் அடங்கியது.

"பெரிய வீடு போல. நேத்து ராத்திரி எங்க தூங்குனீங்க?"

"ஊர்க் கோடியில இருக்கற மோட்டல்ல."

"போன மாசம்?"

"அரிசோனால."

"இந்த ஊர்ல மொத்தமா எத்தன ராத்திரி தங்கியிருக்கீங்க?"

ஆர்லிஸ் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். சும்மா "கொஞ்ச நாள்" என்று சொல்லித் தொலையேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"ரெண்டு. லைசன்ஸ் எடுக்க வந்தப்ப ஒன்னு, நேத்து ஒன்னு."

"கோர்ட்டுக்குப் பின்னால ஒரு ஆறு ஓடுது. அது பேரு என்ன?"

"தெரியாது."

வக்கீல் நீதிபதியைப் பார்த்துக் கையை விரித்தார். "அம்மா, என் கட்சிக்காரருக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியது இந்த மாவட்டத்து ஜனங்க. இவங்க இங்க குடியிருக்கறவங்க இல்ல. குடியில்லன்னு பதிவு பண்ணி, பேர நீக்கணும்னு கேட்டுக்கறேன்."

பேரை நீக்குவது என்றால் ஜூரிப் பட்டியலோடு நிற்காது, ஓட்டு, லைசன்ஸ் எல்லாவற்றிலிருந்தும்தான் என்று எனக்குத் தெரியும். டெல்பர்ட் சொன்னதெல்லாம் காதில் திரும்பக் கேட்டது. என் கைப்பையிலிருந்த லைசன்ஸ் சுடுவது போலிருந்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"திருமதி வோக்ட், நான் ஒன்னு கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க ஊரு எது?"

எங்கள் சிரிப்புப் பதில் அவள் உதடு வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். பழக்கதோஷம். அவள் அதை விழுங்கினாள்.

"இதாம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"இந்த ஊரு மேல ஆசப்பட்டு வரல. உள்ளதச் சொல்றேன். லைசன்ஸ் சுலபமாக் கெடைக்கும், வருமான வரி இல்லன்னு சொன்னாங்க, வந்தோம். அயோவால வீட்ட வித்தாச்சு, அங்க எனக்கு ஒன்னும் இல்ல. என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் பண்ண எடத்துல எந்த ஊருன்னு கேட்டாங்க, டெல்வின்னு எழுதுனேன். செத்தா பாடிய எங்க அனுப்பறதுன்னு ஒரு எடத்துல கேட்டாங்க, அதுக்கும் டெல்வின்னுதான் எழுதுனேன்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "இந்தச் சம்மன் வந்தப்ப, நான் அங்க குடியில்லன்னு ஒரே ஒரு வரி எழுதச் சொன்னாங்க. எழுதலாம்னு பேனாவ எடுத்தேன். அப்பறம் நான் எந்த ஊருன்னு யோசிச்சா ஒன்னுமே வரல. ஒலகத்துல வேற யாரும் என்ன 'வா'ன்னு கூப்புடலம்மா. நீங்க கூப்புட்டீங்க. வந்துட்டேன்."

பண்ணைக்காரர் ஒருவர் தொப்பியை மடியில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நீதிபதி வக்கீலைப் பார்த்தார்.

"வேற ஊர் இல்லாதவங்களுக்கு, எத ஊர்னு வச்சுக்கிட்டு நடந்துக்கறாங்களோ அதுதான் ஊரு. அந்த ஆத்தோட பேரு தெரியாதவங்க இந்த மாவட்டத்துலயே பொறந்தவங்கள்ல நெறைய பேரு இருக்காங்க. இவங்க இந்த ஊர்க்காரங்க. உங்க கோரிக்கைய ஏத்துக்க முடியாது."

என் உடம்பில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. ஆனால் அந்த வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. காரணம் சொல்லாமலே சிலரை வேண்டாம் என்று ஒதுக்க அவருக்கு உரிமை உண்டு. அதை எடுத்தார். "திருமதி வோக்ட் வேண்டாம். வந்ததுக்கு நன்றி" என்றார்.

அவ்வளவுதான். அத்தனை பனியையும் காற்றையும் தாண்டி வந்து, காலைக் காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பூட்ஸ் காலை மிதித்திருப்பேன். ஆர்லிஸ் நல்ல சட்டையைப் போட்டு வந்திருந்தாள், டுவேன் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. "உக்காந்து கேக்கலாம்னு நெனச்சேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் முகம் வாடியிருந்தது.

வெளியே போகும் வழியில் குமாஸ்தா பெண் கூப்பிட்டாள். போனில் பேசியவள்தான், குரலில் தெரிந்தது. வந்தவர்களுக்குப் பயணப்படி உண்டாம். மைல் கணக்கில் தருவார்கள்.

"வீட்லேருந்து இங்க வர எவ்வளவு தூரம்மா?"

நான் ஆர்லிஸின் விலாவில் இடித்தேன். "அரிசோனாலேருந்து வந்த மொத்த தூரத்தையும் சொல்லு. பெட்ரோலுக்காவது ஆகும்" என்று காதில் சொன்னேன். நியாயம்தானே. பொய்கூட இல்லை.

ஆர்லிஸ் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பனி மூடிய தெரு. தானியக் கிடங்கைத் தாண்டினால், அந்தக் கோடியில் தபால் கம்பெனியின் தகரக் கூரை தெரிந்தது.

"அரை மைல்" என்றாள்.

குமாஸ்தா பெண் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு அப்படியே எழுதிக்கொண்டாள்.

படியிறங்கும்போது, "புத்தி இருக்கா உனக்கு?" என்று திட்டினேன். ஆர்லிஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "அந்த ஆத்துக்கு என்ன பேரு நீவா? யாரையாவது கேட்டுட்டுப் போலாம்."