கப்பலுக்குத் திசை காட்டிய பூச்சியார்

நேற்றுக் காலை மேல்மாடியில் காயப்போட்ட துவாயை எடுக்கப் போனேன். அதன் விளிம்பில் ஒரு கும்பிடுபூச்சி. கூப்பிய கையோடு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் துவாயை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கந்தளாயில் வயலுக்கு நடுவே வளர்ந்தவள் பூச்சிக்குப் பயப்படுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? நீங்களாவது நம்புங்கள். பயம் கொஞ்சம் தெளிந்தபோது தேசி இலை, அதுதான் எலுமிச்சை இலை, மணந்தது. எங்கள் வீட்டில் தேசி மரமே இல்லை.

அந்த மணம் பவளக்கா வீட்டு வளவுக்குச் சொந்தமானது. முதல் வேலை கிடைத்துத் திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோருக்கு எழுதுவினைஞராக வந்தபோது, அவர் வீட்டு அறையொன்றில்தான் வாடகைக்கு இருந்தேன். அவருடைய கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. மகள் சுமதிக்கு எட்டு வயது, தம்பி ரவிக்கு ஐந்து. பின்வளவுத் தேசி மரம்தான் கும்பிடுபூச்சிகளின் இருப்பிடம். அதில் ஒன்று, வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து அந்தக் கூப்பிய கையாலேயே தின்றதை மூவரும் வாய் பிளந்து பார்த்திருக்கிறோம்.

"கும்பிட்டுப்போட்டுத்தானே சாப்பிடுது" என்று சுமதி அதற்காக வாதாடினாள்.

பொழுதுபடும் நேரம் பிள்ளைகள் மரத்தடிக்குப் போய்க் கேட்பார்கள்: "பூச்சியாரே, அப்பாட கப்பல் எங்க?" பூச்சி தலையைத் திருப்பும் பக்கத்தில் கப்பல் நிற்கும். துறைமுகப் பக்கம் திரும்பினால் அப்பா வருகிறார் என்று அர்த்தம். அந்த வருடம் வெகுநாளாக அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. பவளக்கா கதைப்பதையே குறைத்துவிட்டார். அப்படி ஒருநாள் பூச்சி தெருப் படலைப் பக்கம் திரும்பியது.

"கப்பல் ரோட்டில வருமோ?" என்று கேட்ட ரவி, உதடு பிதுங்கி அழத் தொடங்கினான்.

என்ன செய்வதென்று தெரியாமல் நான் கையை அசைக்க, பூச்சி என் விரலைப் பார்த்துத் தலையைத் திருப்பியது. அசைவதை அது பார்க்கும் என்று அன்றுதான் கண்டுகொண்டேன். அன்றிலிருந்து துறைமுகப் பக்கமாக நின்று, பிள்ளைகள் காணாதபடி சேலைத் தலைப்பின் ஓரத்தில் விரலை ஆட்டுவதே என் மாலை உத்தியோகம். பயத்தில் விரல் தானாகவே நடுங்கியதால் வேலை சுலபம். "ஓம், வாறார், வாறார்!" என்று ரவி துள்ளுவான்.

அவர் வந்தார். கொழும்பில் கப்பலை விட்டு இறங்கி, பஸ்ஸில் வந்து, ஒரு மத்தியானம் பெட்டியோடு படலையைத் திறந்தார். குசினியிலிருந்து ஓடி வந்த பவளக்கா பெட்டியை வாங்கிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். உனக்கென்ன உறவு என்று கேட்காதீர்கள்.

அந்தச் சந்தடியில் சுமதி என் காதுக்குள் சொன்னாள்: "பூச்சியார் அண்டைக்குச் சரியாத்தான் ரோட்டைக் காட்டினவர். நீங்கள்தான் விரல் ஆட்டினனீங்கள்."

"உனக்குத் தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும் அன்ரி. தம்பி அழுவான் எண்டு சொல்லேல்லை."

அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்தது. புறப்படும் நேரத்தில் சுமதி என்னைத் தேசி மரத்தடிக்கு இழுத்துப் போனாள். "பூச்சியாரே, அன்ரி எங்க இருப்பா?" பூச்சி வீட்டுப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் நின்ற சுமதியின் விரல் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

பிறகு சண்டை வந்து நாடு கெட்டது. பவளக்கா குடும்பம் எந்தத் தேசத்துக்குப் போனது என்று சொல்ல இப்போது ஊரில் ஆளில்லை. ஓய்வுபெற்றுத் திருகோணமலைக்கே வந்து குடியேறிய நான் முதலில் அந்த வளவைத்தான் பார்க்கப் போனேன். வீடு இருந்த இடத்தில் உல்லாசப் பயணிகளுக்கு ஒரு விடுதி. தேசி மரம் நின்ற இடத்தில் கல் பதித்து வாகனங்களை நிறுத்துகிறார்கள்.

நேற்றுக் கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளியே வந்தேன். "பூச்சியாரே, சுமதி எங்க?" என்று கேட்டேன். அது என் முகத்தையே பார்த்தது. விரலைத் தூக்கினேன். எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை.