அவளுக்கு நோகும் இடம்

குளிக்கும்போது ரிஸ்னாவின் இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அக்கரைப்பற்று பஸ்ஸில் என் காதோடு சொன்னாள். நோகவில்லை என்பதால் பயமில்லை என்று இருந்துவிட்டோம். உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால், நோகும்வரை காத்திருக்காதீர்கள்.

பயாப்சி (கட்டியில் சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) முடிவு வந்த அன்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொந்தமா?"

"கூட்டாளி."

"அப்ப கொஞ்சம் வெளிய இருங்க. பெத்த உம்மா மட்டும் வரட்டும்."

நிந்தவூரில் ஒரே தையல் கடையில்தான் இருவரும் வேலை செய்தோம். பல வருடங்களாக ஒருவரையொருவர் நேசித்தோம். ஊருக்கு நாங்கள் கூட்டாளிப் பெண்கள், அவ்வளவுதான்.

புற்றுநோய்தான். மார்பை அகற்றினார்கள். கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) தொடங்கியதும் முடி கொட்டியது. என் முன்னால் உடுப்பு மாற்றுவதையே அவள் நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமைகளில் கல்முனையில் ஜெனி அக்கா என்ற திருநங்கையின் வீட்டில் எங்களைப் போன்ற பால்புதுமையினர் (தன்பாலினரை நேசிப்போர், திருநர்) சிலர் கூடுவோம். படம் வரைவோம், சிறு நாடகம் போடுவோம். அன்று அக்கா தரையில் பெரிய கடதாசி விரித்தார்.

"படுங்க தங்கச்சி. உங்கட உடம்பச் சுத்திக் கோடு போடுறன். உள்ளுக்க நீங்க நெனச்சத வரையுங்க."

ரிஸ்னா நெடுநேரம் வரைந்தாள். தழும்பு இருந்த இடத்தை அடர்நீலத்தால் நிரப்பினாள். பிறகு என்னை அறைக்குள் கூட்டிப்போய்ச் சட்டையைத் தூக்கினாள்.

"பாரு. இதுதான் நான்."

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளைத் தொட்டேன்.

நோய் கல்லீரலுக்குப் பரவியது. கடைசி வாரங்களில் வலது பக்கம் கை பட்டாலே துடித்துப்போவாள். தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். உம்மா எங்களைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போவார்.

அவள் மௌத்தான (இறந்த) அன்று, மையித்தை (உயிரற்ற உடலை) குளிப்பாட்டச் சொந்தக்காரப் பெண்கள் கூடினார்கள். நான் முற்றத்தில் நின்றேன். உம்மா வெளியே வந்தார்.

"மகள், நீ உள்ளுக்க வா. அவளுக்கு எங்க நோகுமெண்டு உனக்குத்தான் தெரியும்."

வலது பக்கத்தை நான் தாங்கிக்கொண்டேன். நோகாமல் திருப்பினேன்.

ஒரு கூட்டாளிக்காக இவ்வளவு அழலாமா என்று என் வீட்டில் கேட்டார்கள். ஜெனி அக்காவின் வீட்டில்தான் வாய்விட்டு அழுதேன். யாரும் தடுக்கவில்லை. தூரிகை கழுவிக்கொண்டிருந்த ஒருவரும் சேர்ந்து அழுதார்.

கணவனை இழந்தவளுக்கு இத்தா (துக்கத்தோடு ஒதுங்கியிருக்கும் காலம்) உண்டு. அது முடிகிற நாளும் உண்டு. எனக்கு அப்படியொரு நாளை யாரும் குறித்துத் தரவில்லை. காலையில் எழும்பும்போது என் கைகள் இன்னும் ஓர் உடம்பின் பாரத்தை எதிர்பார்க்கின்றன. சனிக்கிழமையானால் கல்முனைக்குப் போகிறேன்.