யார் பார்த்தது, யார் கொடுத்தது

"தப்பா நினைச்சுக்காதீங்க, இந்தக் கண்ணாடி எங்க போட்டீங்க? காசு யார் கொடுத்தது?"

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பதறிப்போய் மூக்குக் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கிறார். கோபன்ஹேகனில் முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பதே துணிச்சல். மெரேதே எடுத்த எடுப்பில் வைத்தியச் செலவையே விசாரிப்பார்.

"கடையில வாங்கினேன். என் காசுதான்."

"அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்," என்று திருப்தியோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அவர் பிழைப்பே இதுதான். டென்மார்க் மக்கள் தங்கள் உடம்புக்காக ஓராண்டில் செலவழிக்கும் பணம் முழுவதையும் ஒரே அட்டவணைக்குள் அடக்கும் அரசாங்க உத்தியோகம். பக்கவாட்டில் கவனித்துக்கொண்டவர்கள்: ஆஸ்பத்திரி, குடும்ப டாக்டர், பல் டாக்டர், மருந்துக் கடை, முதியோர் இல்லம். தலைப்பில் பணம் கொடுத்தவர்கள்: அரசு, காப்பீடு, சொந்தப் பை. ஒவ்வொரு குரோன் காசும் ஏதாவதொரு கட்டத்தில் உட்கார்ந்தாக வேண்டும். ஒன்று இடமில்லாமல் நின்றுவிட்டால் மெரேதேவுக்கு அன்று ரொட்டி இறங்காது.

அட்டவணையின் சட்டங்கள் விசித்திரமானவை. நகராட்சி ஊழியர் வீட்டுக்கு வந்து ஒரு கிழவரைக் குளிப்பாட்டினால் அது வைத்தியக் கணக்கு. அவரே சூப் காய்ச்சினால் வேறு கணக்கு. குளியல் எங்கே முடிகிறது, சூப் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தே தீரவேண்டும் என்று, மெரேதே ஒருமுறை அப்படிப்பட்ட ஊழியர் பெண் ஒருத்தியோடு சைக்கிளில் வீடு வீடாகப் போனார்.

"முதுகு தேய்ச்சுக்கிட்டே அடுப்பையும் ஒரு கண் பார்த்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டாளாம். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பக்கத்து மேசைத் தோர்பென் சீண்டாத நாளில்லை. "பொண்டாட்டி புருஷனுக்குச் சட்டை பித்தான் போட்டுவிட்டா எந்தக் கட்டம் மெரேதே?"

"எந்தக் கட்டமும் இல்ல. யாரும் காசு கொடுக்கலையே. போய் உன் வேலையைப் பாரு."

சட்டம் அதுதான். ஆனால் அன்று காலையும் அவர் கணவர் வெர்னருக்குப் பித்தான் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். வெர்னர் பயணிகள் கப்பலில் மாலுமியாக இருந்தவர். மூன்று வருடமாக நடுக்குவாதம்: கை நடுங்கும், உடம்பு வளையாது. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, கட்டிலிலிருந்து தூக்கி நிறுத்துவது எல்லாம் மெரேதேதான். இதில் மெரேதேவின் முதுகு போய்க்கொண்டிருக்கிறது. "இப்படியே தூக்கிட்டிருந்தா அடுத்து படுக்கப்போறது நீங்கதான்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருவழியாக, காலை நேரத்துக்கு மட்டும் ஆள் அனுப்பச் சொல்லி நகராட்சிக்கு விண்ணப்பித்தார்.

நேரில் பார்த்து முடிவு செய்ய அதிகாரி வருவார். அந்த நாளில் இந்த ஊர்க்காரர்கள் செய்யும் கூத்தைச் சைக்கிள்காரி அப்போதே சொல்லியிருந்தாள். விருந்தாளி வருகிறார் என்று வீட்டைத் துடைத்து, கேக் சுட்டு, மெழுகுவத்தி ஏற்றி, நோயாளிக்குத் தேய்த்த சட்டை மாட்டி உட்காரவைப்பார்கள். வந்தவர் "பிரமாதமா சமாளிக்கறீங்களே" என்று எழுந்து போய்விடுவார். மெரேதே அதற்கும் விழுந்து விழுந்து சிரித்தவர்தான்.

சென்ற வியாழக்கிழமை அதிகாரி கமில்லா வந்தபோது மேசையில் ஆப்பிள் கேக் இருந்தது. மெழுகுவத்தி எரிந்தது. வெர்னர் வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை போல இருந்தார்.

"காலையில தானா எழுந்திருக்க முடியுதா, வெர்னர்?"

"ஏன் முடியாது? புயல்லயே கப்பல் தளத்துல நின்னவன் நான்."

"குளியல்?"

"அதெல்லாம் ஆகுது."

மெரேதே கமில்லாவுக்கு இன்னொரு துண்டு கேக் வெட்டினார். அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்தால் உண்மையை எப்படிச் சொல்வது?

"நல்லாத்தான் இருக்கீங்க ரெண்டு பேரும். கேக்கும் அருமை," என்று கமில்லா பையை எடுத்தார்.

"அட, இன்னொரு காப்பி குடிச்சிட்டுப் போங்க. நானே ஊத்தறேன்," என்றார் வெர்னர்.

காப்பி ஊற்றுவது அந்த வீட்டில் அவர் வேலை. தினமும் அவர்தான் ஊற்றுவார், ஒரு சொட்டுச் சிந்தாது. ஊற்றும்போது அவர் முழங்கைக்கு அடியில், மேசை விரிப்பின் மறைவில், மெரேதேவின் கை தாங்கியிருக்கும். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

வெர்னர் கெண்டியைத் தூக்கினார். மெரேதேவின் கை பழக்கத்தில் தானாகவே புறப்பட்டது. பாதி வழியில் நின்றது. மெரேதேவுக்கு வெட்கமாக இருந்தது. புருஷனுக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றியது. கமில்லாவின் கோப்பைக்கு மேலே கெண்டியின் மூக்கு ஆடத் தொடங்கியது. மெரேதே கையைத் திரும்ப இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.